திருமலைப் பாறையும் கணினி வகுப்பும்

போளூருக்கும் ஆரணிக்கும் இடையில் உள்ள திருமலை என்னும் சமணக் குன்றின் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அவனது கங்கைப் படையெடுப்புக்கு வரலாற்றாசிரியர்கள் காட்டும் முதன்மைச் சான்றுகளில் ஒன்று இது. கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அச்சாகிவிட்டது. வகுப்பறையில் இதைப் பற்றிப் பேசினால், மன்னன் வென்ற நாடுகளின் பட்டியலோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் கல்லில் எழுத்து வெட்டப்பட்டதற்குக் காரணம் அந்தப் பட்டியல் அன்று. மன்னனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி முடிந்த பிறகுதான் செய்தியே வருகிறது: மல்லியூரில் இருந்த வணிகன் நன்னப்பையனின் மனைவி சாமுண்டப்பை, அந்தக் குன்றின் சமணக் கோயிலான குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் பொருள் கொடுத்தாள். மன்னனின் வெற்றி முகவுரை. அந்தப் பெண்ணின் கொடையே ஆவணம். இந்த வேறுபாட்டை மாணவர் தாமே கண்டுகொள்ளும்படி கற்பிக்கக் கணினி உதவும் என்பதே என் வாதம்.

கணினி என்றதும் வேகமாகத் தேடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வரும். தேடல் பயன்தான், ஆனால் கல்விக்கு அதைவிடப் பெரிய பயன் குறியிடுதலில் இருக்கிறது. கல்வெட்டின் வாசகத்தைத் தட்டச்சு செய்து, இது ஆட்சியாண்டு, இது ஊர், இது நாடு, இது கொடையாளி, இந்த எழுத்து சிதைந்தது, இது பதிப்பாசிரியர் ஊகித்து நிரப்பியது என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் இடுவது அந்த முறை. பட்டுத் தறிக்கு டிசைன் வரைபவர் கட்டத்தாளில் ஒரு கட்டத்தையும் முடிவெடுக்காமல் விட முடியாதல்லவா, அதுபோல இங்கே ஒரு சொல்லையும் புரியாமல் கடந்துபோக முடியாது. கோயில் இருந்த வைகாவூர் முகைநாட்டில், முகைநாடு பங்களநாட்டில், பங்களநாடு ஜயங்கொண்ட சோழமண்டலத்தில் என்று கல்வெட்டு அடுக்கும் முகவரியைக் குறியிட்டு முடித்த மாணவருக்குச் சோழர் நிர்வாகப் பிரிவுகளைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது.

இது மேல்நாட்டுக் கருவி, நம் மூலங்களுக்குப் பொருந்தாது என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. கல்வெட்டுகளைக் குறியிடப் பயன்படும் எபிடாக் முறை கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுகளை மனத்தில் வைத்து உருவானது. நம் கல்வெட்டுகளில் தமிழோடு கலந்து வரும் கிரந்த எழுத்து யூனிகோடில் ஏறியது 2014இல்தான். தமிழ்ப் பின்னங்களுக்கும் அளவைகளுக்கும் உரிய குறிகள் 2019இல்தான் வந்தன. ஆனாலும் கருவியை வளைத்துக்கொள்ள முடிகிறது. ஐரோப்பிய ஆராய்ச்சி மன்ற நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டம், தமிழ் உள்ளிட்ட தெற்காசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளுக்கு அதே எபிடாக்கைத் தகவமைத்திருக்கிறது. அதற்கும் மேலாக, எண்ணிப் பார்த்து வரலாறு எழுதுவது நமக்கு வெளியிலிருந்து வந்த புதுமை அன்று. நொபொரு கராஷிமாவும் எ.சுப்பராயலுவும் தோரு மட்சுயியும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களை அடைவாக்கி, 1978இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். சோழர் காலத்தை நான்கு கட்டங்களாகப் பிரித்துப் பெயர்களையும் பட்டங்களையும் ஒப்பிட்டபோது, பிற்காலத்தில் தனியார் நிலவுடைமை வலுப்பெற்றது தெரியவந்தது. தனிக் கல்வெட்டு ஒன்றை எத்தனை முறை படித்தாலும் இது கிடைக்காது.

திருமலைக் கல்வெட்டின் ஊர்ப்பெயர்களையும் நாட்டுப்பெயர்களையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் இன்னொன்றும் தெரியும். கோவிந்தசந்திரனின் வங்காள தேசமும் மகிபாலனின் நாடும் இதில் வருவதால், 11ஆம் நூற்றாண்டு வங்கத்தின் வரலாற்றை எழுதுவோருக்கும் போளூர்ப் பக்கத்துப் பாறை தவிர்க்க முடியாத மூலம். டாக்காவில் படிக்கும் மாணவரும் போளூரில் படிக்கும் மாணவரும் ஒரே வாசகத்தைத் திரையில் திறந்து, கோவிந்தசந்திரனைப் பற்றி அங்குள்ள செப்பேடுகள் சொல்வதை இந்தப் புகழுரையோடு ஒத்துப் பார்க்கலாம். ஆசியவியல் என்று தனியாக ஒரு பாடம் இருக்க வேண்டுமானால், அது இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

திரையில் படிப்பவர் கல்லைப் பார்க்க மாட்டார் என்ற அச்சமும் உண்டு. குறியிடும்போது சிதைந்த எழுத்துக்கு விடை தேடி மாணவர் கல்லிலிருந்து மை ஒற்றி எடுத்த மைப்படிக்கும் பாறைக்கும் திரும்பியே ஆக வேண்டும். உள்ளூர்ப் பள்ளிக்கு அது அரைநாள் பயணம். கணினி இல்லாத பள்ளியில் வாசகத்தை அச்சிட்டு வண்ணப் பென்சிலால் குறியிட்டாலும் பாடத்தின் பாதி நடந்துவிடும். எனக்கு வலுவாகப் படும் மறுப்பு வேறு. எண்ணிக்கை, கல்லில் ஏறியவர்களை மட்டுமே எண்ணும். கொடுக்கப் பொருள் இருந்த சாமுண்டப்பை அட்டவணையில் வருவாள். அந்த விளக்குக்கு எண்ணெய் ஆட்டியவரும், அவள் உடுத்திய துணியை நெய்தவரும் வரமாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு அட்டவணையின் பக்கத்திலும் இதில் யார் விடுபட்டார்கள் என்று மாணவரையே எழுதச் சொல்ல வேண்டும். இவ்வளவுக்கும் மூலங்கள் கைக்கு எட்ட வேண்டும். தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இடம் மாறினால் மட்டும் போதாது. ஒவ்வொரு படியின் தெளிவான ஒளிப்படமும் கட்டணமின்றி இணையத்தில் கிடைத்தால்தான் போளூர்ப் பள்ளி ஆசிரியர் அதை வகுப்பில் திறக்க முடியும்.