ஓய்வு நாளுக்கும் ஒரு கணக்கு
தீவுகளில் பணிபுரியும் தனித்தொழில் வடிவமைப்பாளர்களுக்கு

சென்னையையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் 2020 ஆகஸ்டு 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளமுள்ள இவ்வடம், தலைநகர் போர்ட் பிளேரோடு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஸ்வராஜ் தீவு, ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் எட்டுகிறது. முன்பு செயற்கைக்கோள் இணைப்பை நம்பியிருந்த தீவுகளிலிருந்து, இன்று ஒரு வரைகலை வடிவமைப்பாளர் சென்னைக்கும் பெங்களூருவுக்கும் எளிதில் கோப்புகளை அனுப்ப இயல்கிறது.

வசதி பெருகியபோது வேறொரு சிக்கலும் உடன் வந்தது. மாதச் சம்பளம் பெறுவோருக்கு விடுமுறையிலும் ஊதியம் உண்டு. தனித்தொழில் செய்பவருக்கோ திரையை விட்டு எழுந்தால் வருமானம் நின்றுவிடுகிறது. ஆகவே, ஓய்வு என்பது அவருக்கு ஒரு நிதிப் பொறுப்பும் ஆகும். அதற்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கியாக வேண்டும்.

கட்டணத்தைக் கணக்கிடுதல்

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். குடும்பச் செலவு ஆண்டுக்கு ரூ.3,60,000, கணினி, மென்பொருள், மின்சாரம் முதலிய தொழிற்செலவு ரூ.1,20,000, வரிக்கும் முதுமைக்காலச் சேமிப்புக்கும் ரூ.60,000, ஆக மொத்தம் ரூ.5,40,000 தேவை. ஆண்டுக்கு 300 நாள் உழைப்போம் என்று கருதினால் நாள் கட்டணம் ரூ.1,800 ஆகும். ஆனால் புதிய வாடிக்கையாளரைத் தேடுதல், பட்டியல் அனுப்புதல், நோய், விடுமுறை ஆகியவற்றைக் கழித்தால் கட்டணம் பெறும் நாள்கள் 180 அளவிலேயே நிற்கக்கூடும். அப்போது ரூ.2,16,000 குறைவுபடும். அக்குறையை ஈடுசெய்யவே பலர் இரவிலும் ஞாயிறன்றும் திரைமுன் அமர்கின்றனர். கணக்கைத் தொடக்கத்திலேயே 180 நாளுக்கு வகுத்தால் கட்டணம் ரூ.3,000 என அமையும். ஓய்வும் அதனுள் அடங்கிவிடும்.

தமக்குத் தாமே சம்பளம்

தீவுகளில் விடுதிகளும் ஆழ்கடல் நீச்சல் பயிற்சி நிலையங்களும் தரும் பணி, சுற்றுலாப் பருவத்தைச் சார்ந்தது. மழைக்காலத்தில் அது மெலிகிறது. மேற்கண்ட தொகையே ஆறு மாதம் ரூ.70,000 ஆகவும், ஆறு மாதம் ரூ.20,000 ஆகவும் வரலாம்.

இதற்கு இரண்டு கணக்குகள் போதும். எல்லா வரவும் தொழிற்கணக்கில் சேரட்டும். அதிலிருந்து ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ரூ.30,000 குடும்பக் கணக்குக்குச் செல்லுமாறு நிலையான அறிவுறுத்தல் கொடுத்துவிடலாம். நல்ல மாதத்தின் உபரி, மெலிந்த மாதத்தைத் தாங்கும். ஆறு மாதக் குடும்பச் செலவை வைப்புத்தொகையாகத் தனியே சேர்ப்பது, விரும்பாத பணியை மறுக்கும் உரிமையையும் தரும்.

நிலுவையை வசூலித்தல்

உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவு பெற்ற குறு, சிறு தொழில் முனைவோருக்கு 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் பாதுகாப்பளிக்கிறது. எழுத்து வடிவ ஒப்பந்தம் இருப்பினும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டு வட்டி செலுத்த வேண்டும். எனவே, ஒவ்வொரு பட்டியலிலும் உத்யம் எண்ணையும் செலுத்த வேண்டிய தேதியையும் குறிப்பிடுங்கள். முன்பணம் பெற்றுப் பணி தொடங்குவது இன்னும் நலம்.

மீட்ட நேரம்

இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகையை ஒட்டியது. போர்ட் பிளேர் அதற்கு ஏறத்தாழ 10 பாகை கிழக்கே உள்ளது. ஆதலால் சூரியக் கடிகாரம் அங்கே சுமார் 40 நிமிடம் முந்தி ஓடுகிறது. டிசம்பரில் மாலை 5 மணியளவில் இருள் கவிகிறது. சென்னை அலுவலகங்களோ அப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். மாலை வெளிச்சத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். காலை விடியலிலிருந்து 10 மணி வரையுள்ள நான்கு மணி நேரமே தீவுக்காரரின் சொந்த நேரம்.

அந்நேரத்தில் கண்ணுக்கு விருந்து குறைவில்லை. 1883-இல் தோன்றிய சாத்தம் மர அறுவை ஆலையின் படாக் மரத்தில் செந்நிற இழையோட்டம் காணலாம். மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிக்கோபார் மக்களின் கைவினையைக் காணலாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் இருந்தால், அங்குக் காணும் வண்ணமும் வடிவமும் பின்னர் ஒரு விடுதியின் சின்னமாகவோ புத்தக அட்டையாகவோ உருப்பெறக்கூடும்.

2010-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருவியலை ஆய்வு செய்தவர். தேவநாகரி ‘ர’வையும் உரோமானிய ‘ஆர்’ எழுத்தையும் ஒரே வடிவில் இணைக்க, எழுத்துகளை நீண்ட காலம் உற்றுநோக்கிய பயிற்சி வேண்டும். அத்தகைய உற்றுநோக்கலுக்கு எந்த வாடிக்கையாளரும் தனியே பணம் தருவதில்லை. வடிவமைப்பாளரே தம் கட்டணத்திலிருந்து அதற்கு வழி செய்துகொள்ள வேண்டும்.

தொழிற்கணக்கு, நிலையான அறிவுறுத்தல், தொடர் வைப்பு, முத்ரா கடன் ஆகியவை பற்றி அறிய, தங்கள் கிளை அலுவலரை அணுகுங்கள். வரும்போது கடந்த 12 மாத வரவு விவரத்தையும் கொண்டுவந்தால், தங்களுக்கு ஏற்ற மாதச் சம்பளத்தை அங்கேயே கணக்கிட்டுவிடலாம்.