நாலாயிரம் மெயிலுக்கு நடுவே ஒரு வேலை

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பதினாறு வருடமாக பிரௌசிங் சென்டர் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். பட்டா நகல், நீட் விண்ணப்பம், டி.என்.பி.எஸ்.சி பதிவு, கம்பெனி வேலை என்று எதற்காக வந்தாலும் இப்போது மெயில் ஐடி கேட்காத விண்ணப்பம் அபூர்வம். அதை நிரப்பித் தருகிறோம். அதற்குப் பிறகு அந்த மெயில் பெட்டி என்ன ஆகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நானும் வெகுகாலம் பார்க்கவில்லை.

போன வருடம் ஆடித்தபசு முடிந்த வாரம், பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். ஆறு மாதமாக என் சென்டரில் உட்கார்ந்துதான் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போடுவான். “அக்கா, எவனும் பதில் போட மாட்டேங்கான். என்கூடப் படிச்சவனுக்கெல்லாம் வந்துட்டு” என்றான். அவன் மெயிலைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொன்னேன். படிக்காத மெயில் 4,312. விண்ணப்பம் போட்ட கம்பெனிகளின் பெயரை ஒவ்வொன்றாகத் தேடல் பெட்டியில் தட்டினேன். மூன்றாவது பெயருக்குப் பதில் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி, நாள், நேரம், கொண்டுவர வேண்டிய சான்றிதழ் எல்லாம் தெளிவாகப் போட்டிருந்தார்கள். அந்த நாள் கடந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்த மெயிலுக்கு மேலே ‘ஐந்து நிமிடத்தில் லோன்’, கீழே செருப்புத் தள்ளுபடி. தம்பி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டான்.

வேண்டாத மெயில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், பார்க்காமல் விட்டால் போச்சு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதம் இல்லை. வேலை உத்தரவும் ஹால் டிக்கெட் தகவலும் கல்லூரி அழைப்பும் அந்த வழியாகத்தான் வருகின்றன. முன்பு தபால்காரர் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் கொண்டுவந்த கடிதத்தைத் தவறவிட வழியே இல்லை. மெயிலில் அப்படிக் கூப்பிட ஆள் இல்லை. நாலாயிரம் குப்பைக்குள் விழுந்த கடிதத்தை நாமே போய்த் தேடினால்தான் உண்டு.

இவ்வளவு குப்பை சேர்வதற்குக் காரணம், அனுப்புகிறவனுக்குச் செலவு இல்லாததுதான். தபாலில் நூறு பேருக்கு அனுப்பினால் நூறு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். மெயிலில் ஆயிரம் பேருக்கு அனுப்புவதற்கும் பத்து லட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் கிடையாது. லட்சத்தில் ஒருவர் வாங்கினாலும், ஏமாந்தாலும் அவனுக்கு லாபம். 1978 மே 3-ஆம் தேதி, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில், கேரி துர்க் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி விற்பனை அதிகாரி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் மொத்த விளம்பர மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பலருக்கு அன்றைக்கே கோபம் வந்தது. ஆனாலும் அந்த விளம்பரத்தால் வியாபாரம் நடந்தது. அதற்குப் பிறகு யார் நிறுத்துவார்கள்?

தம்பியின் மெயில் ஐடி இத்தனை பேர் கைக்கு எப்படிப் போனது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். தீபாவளிக்குத் துணி எடுத்த கடையில் பில் போடும்போது கேட்டிருக்கிறார்கள். பொருட்காட்சியில் குலுக்கல் சீட்டு எழுதியிருக்கிறான். போட்டோவை அழகுபடுத்தும் ஆப், கிரிக்கெட் ஆப், லோன் ஆப் என்று எதைப் போனில் இறக்கினாலும் ஜிமெயில் வழியாகவே உள்ளே போயிருக்கிறான். ‘வேலை வாங்கித் தருகிறோம்’ என்ற மூன்று நான்கு தளங்களில் பயோடேட்டாவை ஏற்றியிருக்கிறான். பெரும்பங்கு குப்பை அங்கிருந்துதான் வந்தது. இவை நாமே கொடுத்தவை. நாம் நம்பிக் கொடுத்த இடத்தில் திருட்டுப் போவதும் உண்டு. டிராய் ஹன்ட் என்ற ஆஸ்திரேலியர் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற தளத்தில் நம் மெயில் ஐடியைத் தட்டினால், எந்தெந்தத் திருட்டில் அது வெளியே போனது என்று காட்டும். காசு கிடையாது. தம்பியின் ஐடிக்கு இரண்டு திருட்டு காட்டியது.

சுத்தம் செய்யத் தொடங்கினோம். ‘அன்சப்ஸ்கிரைப்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடல் பெட்டியில் தட்டினேன். ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்று நாம் சொல்வதற்காக, விளம்பர மெயில்களின் அடியில் பெரும்பாலும் இந்தச் சொல் இருக்கும். அதனால் அவையெல்லாம் ஒரே இடத்தில் வந்து நின்றன. உடனே மொத்தமாக அழிக்கத் தோன்றும், ஆனால் அவசரப்படக்கூடாது. அழித்தால் இன்றைய குப்பைதான் போகும், நாளைக்கு அதே கடை மறுபடியும் அனுப்பும். முதலில் வருகையை நிறுத்த வேண்டும். ஜிமெயிலில் ஒரு விளம்பரத்தைத் திறந்தால் அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்திலேயே அன்சப்ஸ்கிரைப் என்று பெரும்பாலும் இருக்கும். அடிக்கடி வரும் பெயராகப் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்தினோம். 2025-இலிருந்து ஜிமெயிலில் ‘மேனேஜ் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்று ஒரு பகுதியும் வந்திருக்கிறது. யார் யார் அனுப்புகிறார்கள் என்று பட்டியல் போட்டு, அங்கேயே நிறுத்தும் வசதியும் தருகிறது. நிறுத்தி முடித்த பிறகுதான் பழையதை மொத்தமாகத் தேர்வு செய்து அழித்தோம். அதற்கு முன் தேடலில் வந்தவற்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தோம். நிஜமான வேலைத் தளங்களின் மெயிலிலும் அந்தச் சொல் இருக்கும்.

நிறுத்தச் சொன்னால் நிஜமாகவே நிறுத்துவார்களா என்று தம்பி கேட்டான். முன்பு சொல்லியிருக்க முடியாது. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு ஒரு விதி கொண்டுவந்தன. ஜிமெயில் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலோ அதற்கு மேலோ அனுப்புகிற நிறுவனம், ஒரே சொடுக்கில் விளம்பரத்தை நிறுத்தும் வசதி தர வேண்டும். கேட்ட இரண்டு நாளுக்குள் நிறுத்தியும் விட வேண்டும். ‘இது ஸ்பாம்’, அதாவது வேண்டாத மெயில், என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டினால் அந்த நிறுவனம் அனுப்புவதெல்லாம் இன்பாக்ஸுக்குள் நுழையவே சிரமப்படும். ஆயிரத்துக்கு மூன்று என்பது மிகச் சின்ன எண். சங்கரன்கோவிலில் உட்கார்ந்து நாம் ஒருவர் அழுத்துகிற ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ அந்தக் கணக்கில் சேருகிறது. அதனால் தயங்காமல் அழுத்துங்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். துணிக்கடை, செருப்புக் கடை, டிக்கெட் தளம் போல, நாம் அறிந்த நிறுவனம் என்றால் அன்சப்ஸ்கிரைப் செய்யலாம். முன்பின் தெரியாதவன், லாட்டரி விழுந்தது என்பவன், பார்சல் நிற்கிறது என்பவன் அனுப்பியதில் இருக்கும் எந்த லிங்க்கையும் தொடக்கூடாது, அன்சப்ஸ்கிரைப் என்று எழுதியிருந்தாலும். தொட்டால் ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று நாமே அவனுக்குச் சொன்ன மாதிரி ஆகும். இன்னும் அதிகம் வரும். அவனுக்கு ‘ரிப்போர்ட் ஸ்பாம்’ ஒன்றுதான். வங்கியின் பெயரில் வந்தால், உள்ளே இருக்கும் லிங்க்கை விட்டுவிட்டு வங்கியின் ஆப்பிலோ, கிளையிலோ நேரே கேளுங்கள். இந்திய வங்கிகளின் இணையதள முகவரி எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு கொடுத்து மாற்றச் சொன்னது. போலியை அடையாளம் காண அது ஒரு நல்ல பிடி.

ஒரு மழைநாள் சாயங்காலம் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, கடைசியில் போனை என்னிடம் நீட்டினாள். கை நடுங்கியது. ‘உன் போன் கேமராவில் உன்னைப் படம் எடுத்துவிட்டேன், பணம் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில். நம்பவைப்பதற்காக அவளுடைய பாஸ்வேர்டையும் அதிலேயே எழுதியிருந்தான். “அக்கா, பாஸ்வேர்ட் என்னுதுதான். எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திருவாங்க” என்று அழுதாள். மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மெயிலின் ஒரு வரியை அப்படியே இணையத்தில் தேடிக் காட்டினேன். அதே வாசகம், அதே மிரட்டல், உலகம் முழுக்க எத்தனையோ பேருக்குப் போயிருக்கிறது. ஏதோ ஒரு தளத்திலிருந்து களவு போன பழைய பட்டியலில் மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் சேர்ந்து இருக்கும். அதை வைத்து ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி லட்சக்கணக்கில் அனுப்புகிறார்கள். அவனிடம் படம் எதுவும் இல்லை. பள்ளிக்கூடக் காலத்தில் ஏதோ ஒரு தளத்தில் போட்ட பாஸ்வேர்டையே அவள் எல்லா இடத்திலும் வைத்திருந்தாள். அதை மாற்றி, போனுக்குக் கோட் வந்தால்தான் உள்ளே போக முடியும் என்ற இரண்டடுக்குப் பாதுகாப்பையும் போட்டோம். பதில் எழுதவில்லை, பணமும் அனுப்பவில்லை. எதுவும் நடக்கவில்லை. வீட்டில் பெண் பிள்ளைகள் இருப்பவர்கள் இப்படி ஒரு மெயில் உலவுகிறது என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பயந்து தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் பணத்தை அனுப்பும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

போனில் விளம்பரம் வராமலிருக்க 1909-இல் பதிவு செய்கிறோமே, மெயிலுக்கு அப்படி ஒன்று இல்லையா என்று அண்ணாச்சிமார் கேட்பார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நடக்கும் அந்த ஏற்பாடு அழைப்புக்கும் எஸ்.எம்.எஸ்ஸுக்கும்தான். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாம் கொடுத்த சம்மதத்தை எளிதாகத் திரும்பப் பெறும் உரிமை நமக்கு உண்டு என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனாலும் அது கைகொடுக்கும் வரை காத்திருக்காமல் நம் பெட்டியை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தம்பிக்கு இரண்டாவதாக ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்தேன். கடை, குலுக்கல், ஆப் எல்லாவற்றுக்கும் அது. பழையது படிப்புக்கும் வேலைக்கும் வங்கிக்கும் மட்டும். ஜிமெயிலில் இன்னொரு வசதியும் உண்டு: பெயருக்குப் பின்னால் பிளஸ் குறி போட்டு ஒரு சொல் சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் நம் பெட்டிக்கே வரும். துணிக்கடைக்குக் கொடுக்கும்போது பிளஸ் போட்டு ஆங்கில எழுத்தில் ‘துணி’ என்று சேர்த்தால், பின்னால் யாரிடமிருந்து அது வெளியே போனது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சில விண்ணப்பங்கள் பிளஸ் குறியை ஏற்காது. இரண்டாவது ஐடிதான் எல்லோருக்கும் ஏற்றது. ஸ்பாம் பெட்டியையும் வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொன்னேன். நல்ல மெயிலும் சில நேரம் அதில் போய் விழும். ஜிமெயில் 30 நாளில் அதைத் தானாகவே அழித்துவிடும். அங்கே கிடக்கும் நல்ல மெயிலை ‘ஸ்பாம் இல்லை’ என்று அழுத்தி மீட்டால், அடுத்த முறை அது சரியான இடத்துக்கு வர வாய்ப்பு அதிகம். இவ்வளவுக்கும் எங்களுக்கு ஆன நேரம் ஒன்றே முக்கால் மணி. இரண்டு மாதம் கழித்து, திருநெல்வேலியில் ஒரு வேலைக்கு அழைப்பு வந்தது. வந்த அன்றைக்கே பார்த்துவிட்டான்.

என்னைப் போல சென்டர் நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வருகிறவருக்கு மெயில் ஐடி இல்லை என்றால், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நம் சென்டர் ஐடியையே போட்டுவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படிச் செய்தேன். எத்தனை பேருடைய கடிதங்கள் என் பெட்டியில் வந்து, நான் பார்க்காமல், கடை விளம்பரங்களோடு புதைந்து போயினவோ, அதைத் திருத்த இப்போது வழியில்லை. இன்று என் சென்டரில் யாருக்கும் என் ஐடியைப் போடுவதில்லை. பத்து நிமிடம் கூட ஆனாலும் அவர் பெயரிலேயே ஒன்று திறந்து, பாஸ்வேர்டை அவர் கையாலேயே வீட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பார்க்கவும் சொல்லி அனுப்புங்கள்.