பூனையும் ஒட்டுண்ணிகளும்

மனிதன் தானியங்களைச் சேமித்து வைக்கத் தொடங்கிய காலத்திலேயே எலி அவன் களஞ்சியத்தை நாடி வந்தது. எலியைத் தேடிப் பூனையும் வந்தது. அன்று தொடங்கிய உறவு இன்றும் நீடிக்கிறது. பூனை இன்று குழந்தைகளின் விளையாட்டுத் தோழனாகவும் விளங்குகிறது. எனினும், அதன் உடலைச் சார்ந்து வேறு சில உயிர்களும் வாழ்கின்றன என்பதைப் பலர் அறியார். பிற உயிரின் உடலில் தங்கி, அதன் உணவையோ குருதியையோ கவர்ந்து வாழும் இத்தகைய உயிர்களை ஒட்டுண்ணிகள் என்பர்.

ஒட்டுண்ணிகள் இருவகைப்படும். உடலின் மேற்புறத்தில் வாழ்வன ஒருவகை. உள்ளே வாழ்வன மற்றொருவகை. மயிரிடையே தங்கிக் குருதியை உறிஞ்சும் தெள்ளுப்பூச்சி முதல் வகையைச் சார்ந்தது. அது மிகுந்தால் குட்டிகள் குருதி குன்றி இறத்தலும் உண்டு. குடலில் வாழும் உருளைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழு ஆகியவை இரண்டாம் வகையின. உருளைப்புழு தாய்ப்பாலின் வழியாகவே குட்டியை அடைய வல்லது. புழு மிகுந்த குட்டியின் வயிறு பருக்கும், உடல் மெலியும், வளர்ச்சி குன்றும். நாடாப்புழுக்களுள் ஒருவகையின் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் இளம்புழு உண்கிறது. அது வளர்ந்து பூச்சியான பின், உடலை நக்கித் தூய்மை செய்யும் பூனை அதனை விழுங்கிவிடுகிறது. இவ்வாறு ஓர் ஒட்டுண்ணி மற்றோர் ஒட்டுண்ணிக்கு ஊர்தியாகிறது!

இவற்றுள் சில மனிதரையும் தாக்கும். பூனையின் மலத்தோடு வெளிப்படும் உருளைப்புழு முட்டைகள் மண்ணில் கலந்து கிடக்கும். மண்ணில் விளையாடிய குழந்தை கைகழுவாமல் உண்டால், அம்முட்டைகள் வயிற்றை அடையும். அவற்றிலிருந்து வெளிவரும் இளம்புழுக்கள் கல்லீரல், நுரையீரல் முதலிய உறுப்புகளிலும், சிற்சில வேளைகளில் கண்ணிலும் புகுந்து தீங்கு விளைக்கும்.

கண்ணுக்குப் புலனாகாத டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி தனியே அறியத்தக்கது. 1908ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்காவிலுள்ள டூனிஸ் நகரில், நிக்கோல், மான்சோ என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், கொறித்துண்ணும் சிறு விலங்கொன்றின் உடலில் இதனைக் கண்டனர். வில்போல் வளைந்த வடிவினதாதலின், வில்லைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டனர். இது பரவும் வழி நெடுங்காலம் முழுதும் விளங்கவில்லை. பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே இது ஆண், பெண் நிலைகளை அடைந்து முட்டை போன்ற நுண்ணுறைகளை உண்டாக்குகிறது என்பது 1970ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று.

நோயுற்ற எலியையோ பறவையையோ உண்ணும் பூனையை இந்த ஒட்டுண்ணி பற்றுகிறது. பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது, ஒன்று முதல் மூன்று வாரங்கள் வரை, பூனையின் மலத்தில் இலட்சக்கணக்கான நுண்ணுறைகள் வெளிப்படுகின்றன. ஈரமண்ணில் அவை ஓராண்டுக்கு மேலும் அழியாதிருக்கும். மண்படிந்த காய்கறி, தூய்மையற்ற நீர் ஆகியவற்றின் வழியாக அவை மனிதரை அடையும். நன்கு வேகாத இறைச்சியின் வாயிலாகவும் இந்நோய் பரவும். பூனையே வளர்க்காதவரையும் இது பற்றுவதற்குக் காரணம் இதுவே.

உடல்நலம் உடையவரிடம் இது பெரும்பாலும் துன்பம் விளைப்பதில்லை. ஆயினும், கருவுற்ற காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால், கருவிலுள்ள குழந்தையின் கண்ணும் மூளையும் பாதிக்கப்படலாம். நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியவர்க்கும் இது கொடியது.

இனி, காக்கும் வழியைக் காண்போம். வெளிப்பட்ட நுண்ணுறை உடனே நோயைத் தருவதில்லை. அதற்கு ஒருநாள் முதல் ஐந்து நாள் வரை ஆகும். எனவே, பூனையின் மலத்தை நாள்தோறும் அகற்றினால், தீமை முதிரும் முன்பே நீங்கிவிடும். கருவுற்ற பெண்கள் இவ்வேலையைப் பிறரிடம் விடுதல் வேண்டும். காய்கறிகளைக் கழுவுதல், இறைச்சியை நன்கு வேகவைத்தல், உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவுதல் ஆகியன எல்லார்க்கும் உரிய கடமைகள். பூனைக்குக் கால்நடை மருத்துவர் கூறும் காலங்களில் புழுநீக்கும் மருந்தைக் கொடுத்தல் வேண்டும். தெள்ளுப்பூச்சியையும் ஒழித்தல் வேண்டும்.

நோய்க்கு அஞ்சிப் பூனையைத் தெருவில் விடுதல் அறிவுடைமை ஆகாது. தெருவில் திரியும் பூனை எலியை உண்டு மீண்டும் நோயுறும். கண்ட இடங்களில் மண்ணையும் மாசுபடுத்தும். நோயின் வழியை அறிந்து அதனை அடைப்பதே வளர்ப்பவர் கடன். அது வாயற்ற உயிரையும் காக்கும், வீட்டாரையும் காக்கும்.