புடுவிலிருந்து சுபாங் வரை

ஜப்பானியர் காலம் வரை, மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழனுக்குத் துப்பாக்கி என்பது துரை பங்களாவிலும் போலீஸ்காரர் தோளிலும் பார்த்த பொருள்தான். 1943இல் பால் வாளியை இறக்கிவைத்துவிட்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் ஆயிரக்கணக்கானோர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். குறி பார்க்கவும் சுடவும் கற்றார்கள்.

அந்தப் படையில் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சைச் சீமையின் தம்பிக்கோட்டையில் பிறந்தவர். போருக்குப் பின் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது, சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்று விதி பிறந்தது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டபோது அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். இந்திய அரசு கேட்டுப் பார்த்தும் பயனில்லை. மே 4 அன்று கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். யாரையும் சுட்டதற்காக அல்ல, வைத்திருந்ததற்காக.

இன்று அதே குற்றத்துக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அதிகபட்சம் 14 ஆண்டுச் சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கொள்ளை போன்ற குற்றங்களின்போது சுட்டால் கட்டாயத் தூக்கு என்றிருந்ததும் 2023 ஜூலையில் மாறியது. நீதிபதி தூக்குக்குப் பதில் 30 முதல் 40 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். புடு சிறையோ இடிக்கப்பட்டு, அங்கே பேரங்காடி எழுந்துவிட்டது. பழைய வாசல் மட்டும் நிற்கிறது. அந்த வாசலைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர், கணபதியின் பெயரையும் சொல்லிக் காட்ட வேண்டும்.

சட்டமே கையில் கொடுத்த துப்பாக்கியும் உண்டு. 1960களில் மலேசியப் படைவீரர் தோளில் ஏறியது எஸ்.எல்.ஆர். என்ற துப்பாக்கி. 7.62 மில்லிமீட்டர் தோட்டா, மேகசினில் இருபது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. வெடித்த வாயுவின் ஒரு பகுதியே காலி உறையை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். நாலு கிலோவுக்கு மேல் கனம். கட்டை தோளில் சரியாகப் பதியாவிட்டால் அடி நன்றாகவே விழும். 1970களில் எடை குறைந்த எம்-16 அதன் இடத்தைப் பிடித்தது. எஸ்.எல்.ஆரின் அந்த 7.62 தோட்டாவைப் போடும் அரைத்தானியங்கித் துப்பாக்கியை அமெரிக்காவில் சாதாரணக் குடிமகன் கடையில் வாங்குகிறான். சுட்ட பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, புதிய எரியூட்டி பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அமுக்கி, வீட்டு மேசையிலேயே தோட்டா செய்துகொள்கிறான். கோலாலம்பூரில் இந்தப் பேச்சே எழாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதே பெருங்குற்றம். சிலாங்கூரில் தோட்டா செய்யும் இடம் பத்து ஆராங்கில் உள்ள எஸ்.எம்.இ. ஆர்ட்னன்ஸ் ஆலை, பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் அது.

குடிமக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தருவது மாநிலப் போலீஸ் தலைவர். செம்பனையைக் காட்டுப்பன்றி கிளறிப்போடும் ஊர்களில் சிலரிடம் 12 போர் வேட்டைத் துப்பாக்கி உண்டு. அதற்குமேல் கேட்டால் காரணம் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

சுடும் ஆசை உள்ளவர்களுக்குச் சுபாங்கில் தேசியத் துப்பாக்கிச் சுடுதளம் இருக்கிறது. 2017 சீ விளையாட்டின் துப்பாக்கிச் சுடுதல் போட்டிகள் அங்கேதான் நடந்தன. மலேசியாவின் பெயரை உலகம் பேசவைத்த துப்பாக்கி 4.5 மில்லிமீட்டர் காற்றுத் துப்பாக்கி: நூர் சூரியானி தாயிபி எட்டு மாதக் கர்ப்பிணியாக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் அதை ஏந்தி நின்றார்.

நம் பிள்ளைகளில் சிலருக்குத் துப்பாக்கி அறிமுகமாகும் இடமோ வேறு. 2013இல் உள்துறை அமைச்சு வெளியிட்ட கணக்கில் 49 குண்டர் கும்பல்கள். உறுப்பினர்களில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் எத்தனையோ தாய்மார் அந்தக் கணக்கைப் பத்திரிகையில் படிக்கத் தேவையிருக்கவில்லை. அவர்கள் மகன்களுக்குக் குறி பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. சுபாங்குக்கு அழைத்துப்போனவரும் யாருமில்லை.