செய்தி வாசிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

"குரல் கணீரென்று இருக்கிறது, ரேடியோ நிலையத்தில் சேர்ந்துவிடு" என்று பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொல்வதுண்டு. நல்ல குரல் பாக்கியந்தான். ஆனால், செய்தி உத்தியோகத்துக்கு அது முதல் படி மாத்திரமே.

திருச்சிராப்பள்ளியில் வானொலி நிலையம் 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி ஆரம்பமாயிற்று. பிறகு டெலிவிஷன் வந்தது, கைப்பேசியும் வந்தது. காதுக்காக எழுதும் விதி மட்டும் மாறவேயில்லை.

பத்திரிகை படிக்கிறவர், விளங்காத வரியை இரண்டாந் தடவை படிக்கலாம். கேட்கிறவருக்கு அந்தச் சௌகரியம் ஏது? ஆகையால் ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம் போதும். எழுதியதை உரக்கப் படியுங்கள். மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை முறித்துவிடுங்கள்.

அடுத்தது உச்சரிப்பு. "கொள்ளிடத்தில் வெள்ளம்" என்பதை "வெல்லம்" என்று வாசித்தால், ஸ்ரீரங்கத்துப் பாட்டி தூக்குப் பாத்திரத்துடன் ஆற்றங்கரைக்குக் கிளம்பிவிடுவாள்!

எல்லாவற்றிலும் முக்கியம், தன் ஊரின் விஷயங்களை அறிந்திருப்பது. முக்கொம்பில் காவேரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. நடுவிலே தீவாகக் கிடக்கிறது ஸ்ரீரங்கம். காவேரி நீர் கல்லணை வழியே வயல்களுக்குப் போகிறது. கொள்ளிடமோ வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு செல்கிறது. 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு, ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டிய முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. "முக்கொம்பு அணை உடைந்தது" என்று மட்டும் சொன்னால், கேட்கிறவர் கதி என்ன? உடைந்தது எந்த ஆற்றின் பக்கம் என்று தெரிந்தாலல்லவா, கரையோரக் குடும்பம் தன் அபாயத்தையும், தஞ்சைக் குடியானவர் தம் பாசனத்தையும் பற்றி யோசிக்க முடியும்?

எண்களிலும் இதே ஜாக்கிரதை வேண்டும். "கன அடி" என்று செய்தியில் சொல்வது வினாடிக்கு ஓடும் நீர், "டி.எம்.சி." என்பது நூறு கோடி கன அடி கொண்ட மொத்த இருப்பு. வினாடிக்குச் சுமார் 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இதை அறியாதவர் எவ்வளவு இனிமையாக வாசித்தும் என்ன பிரயோஜனம்?

பயிற்சிக்குச் செலவு அதிகமில்லை. தினம் ஒரு பத்திரிகைச் செய்தியை எடுத்து, ஒரு நிமிஷத்தில் வாசிக்கும்படி சுருக்கி எழுதுங்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அதை அடுக்களையில் வேலையாயிருக்கும் அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அம்மா எந்த இடத்தில் தடுமாறுகிறாளோ, அந்த இடத்தில் பிழை உங்களுடையது. விடுமுறை நாளில் முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போய், மதகுகளைக் கண்ணால் பார்த்து வாருங்கள்.

வதந்தி இப்போது கைப்பேசியிலேயே வந்துவிடுகிறது. வெள்ள காலத்தில், "ஊருக்குள் தண்ணீர் வந்துவிட்டது" என்று யாரோ அனுப்பிய ஒரு வரியை விசாரியாமல் வாசித்தால், நள்ளிரவில் குழந்தைகளும் கிழவர்களும் தெருவில் நிற்பார்கள். முதலில் சொன்னவர் என்ற பெயர் மறுநாளே மறந்துபோகும். பொய் சொன்னவர் என்ற பெயர் மறையாது. உறுதிப்படாததை ஒதுக்கி வைக்கும் தைரியத்தை, குரலைப் பழக்கும்போதே பழக்கிக்கொள்ளுங்கள்.