ஒட்டுக்கேட்பும் உரிமையும்

தமிழகத்தில் உரிமைக் கூட்டமொன்று நடந்தால், ஓரத்தில் நின்று குறிப்பெடுக்கும் உளவுப் பிரிவுக் காவலரைப் பேச்சாளரும் அறிவார், பார்வையாளரும் அறிவர். தொலைபேசியில் ஒட்டுக்கேட்பவரையோ எவரும் அறியார். அறியப்படாத கண்காணிப்பை எதிர்த்து முறையிடுவது எங்ஙனம் என்பதே இங்கு எழும் வினா.

பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதைத் திருக்குர்ஆன் (49:12) விலக்கியுள்ளது. இந்திய நீதிமன்றங்கள் இவ்வரம்பை மெல்லவே வந்தடைந்தன. 1962இல் கரக் சிங் வழக்கில், காவல்துறை இரவில் வீடு புகுந்து சோதிப்பது செல்லாது என்ற உச்ச நீதிமன்றம், அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. அக்கருத்தை 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக நீக்கினர்.

இடையில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும். அது இரண்டு மாதமே செல்லும். நீட்டித்தாலும் ஆறு மாதத்தைத் தாண்டலாகாது. ஆய்வுக்குழு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. நீதிபதியின் முன் அனுமதியை மட்டும் அது கட்டாயமாக்கவில்லை.

குறை அங்கேதான் உள்ளது. 2007ஆம் ஆண்டு விதிப்படி, மாநில ஆய்வுக்குழுவில் இருப்போர் தலைமைச் செயலாளரும் சட்டச் செயலாளரும் மற்றொரு செயலாளருமே. ஆணையிடுவதும் அரசு, அதைச் சரிபார்ப்பதும் அரசு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் 2024ஆம் ஆண்டு விதிகளும் வந்த பின்னரும் இவ்வமைப்பு மாறவில்லை.

2021 ஜூலையில் வெளியான பெகாசஸ் பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளை ஆராய்ந்து, ஐந்தில் தீய மென்பொருளைக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய இயலவில்லை. ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் அக்குழு கூறியது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம், 2011இல் ஒன்றிய உள்துறை பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையொன்றை ரத்து செய்தது. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாத நிலையில், சாதாரணக் குற்றத்தைத் துப்பறிய இவ்வதிகாரம் பயன்படாது என்பது அதன் முடிவு. ஆனால் அம்மனுதாரர் லஞ்ச வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். ஆகவே ஆணை வெளிப்பட்டது. குற்றமே சாட்டப்படாமல் கேட்கப்படும் உரிமைப் பணியாளருக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

ஜெர்மனியில், கண்காணிப்பு முடிந்து அதன் நோக்கத்துக்கு இடையூறு நீங்கியபின் உரியவருக்கு அறிவிக்கும் கடமை சட்டத்திலேயே உண்டு. அத்தகைய அறிவிப்பும் நீதிபதியின் முன் அனுமதியும் இங்கும் அமைந்தாலன்றி, 2017இல் ஏற்கப்பட்ட உரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.