பழைய அரேஞ்சர் கீபோர்டை மாத்தணுமா, ரிப்பேர் பண்ணா போதுமா? இஎம்ஐ போடும் முன் கவனிக்க வேண்டியவை!

ஆடி பிறந்துவிட்டால் பெரியபாளையம் தொடங்கி கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வரை ஊருக்கு ஊர் அம்மன் கோயில் திருவிழாதான். கூழ், தீமிதி, ராத்திரியானால் இன்னிசைக் கச்சேரி. அங்கே கீபோர்டு வாசிக்கும் எல்லோருக்கும் அதுவே முழுநேரத் தொழில் அல்ல. பகலில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, காக்களூர் தொழிற்பேட்டையிலோ ஷிஃப்ட் முடித்துவிட்டு, சனி ஞாயிறுகளில் கச்சேரிக்கும் சர்ச்சுக்கும் வாசிக்கப் போகிறவர்களும் உண்டு.

இவர்களுக்குப் பொதுவான ஒரு குழப்பம் இருக்கிறது. கையில் இருப்பது பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கீபோர்டு. இரண்டு கீ சரியாக வேலை செய்யவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் டச் ஸ்கிரீன் மாடலோடு வருகிறார். "அண்ணே, இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார். புதுசு வாங்கினால் பல மாதச் சம்பளம் போகும். வாங்காவிட்டால் மேடையில் நடுப்பாட்டில் நின்றுவிடுமோ என்ற பயம். என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

அரேஞ்சர் கீபோர்டு என்றால் என்ன?

இடது கையில் கார்டு பிடித்தால், அதற்கேற்ப டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் தானாகச் சேர்ந்து ஒலிக்கும் கீபோர்டுதான் அரேஞ்சர். இந்தத் தானியங்கிப் பின்னணியை 'ஸ்டைல்' என்பார்கள். யமஹாவில் ஒரு ஸ்டைலுக்கு 8 டிராக் வரை இருக்கும். யமஹாவின் பிஎஸ்ஆர் வரிசையும், கோர்க்கின் பிஏ வரிசையும் இந்த வகை.

இங்கே பலர் தவறு செய்யும் ஒரு இடம் உண்டு. ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10 நம்ம ஊர் மேடைகளில் பிரபலம். ஆனால் அது சிந்தசைசர், அரேஞ்சர் அல்ல. கார்டுக்குத் தகுந்தபடி பின்னணி வாசிக்கும் வசதி அதில் இல்லை. டிரம்மர், பேஸ் கிட்டார் கலைஞர் எல்லாம் இருக்கும் குழுவுக்கு அது சரிப்படும். தனியாளாக வாசித்துச் சமாளிக்க வேண்டிய சிறிய சர்ச்சுக்கு அது மாற்றாகாது.

முதல் கேள்வி: குறை எங்கே இருக்கு?

"கீபோர்டு பழசாயிடுச்சு" என்பது போதுமான காரணம் இல்லை. கடைசி மூன்று நிகழ்ச்சிகளில் எந்த இடத்தில் சிக்கல் வந்தது என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அது மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

1. பழுது: கீ வேலை செய்யவில்லை, கரகர சத்தம், திடீரென ஆஃப் ஆகிறது.

2. டோன்: எல்லாம் வேலை செய்கிறது. ஆனால் பியானோ, ஸ்டிரிங்ஸ், புல்லாங்குழல் சத்தம் பழைய காலத்துச் சத்தமாக இருக்கிறது.

3. வசதி: நினைத்த நேரத்தில் ஸ்டைல் மாற்ற முடியவில்லை, பென்டிரைவ் போட முடியவில்லை, நமக்கு வேண்டிய ரிதம் ஏற்ற முடியவில்லை.

முதல் இரண்டுக்கும் புதுக் கீபோர்டு வாங்க வேண்டிய அவசியம் பல நேரம் இருக்காது. மூன்றாவதுக்குத்தான் மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

பழுது என்றால் செலவு குறைவு

ஒரு கீயைத் தொட்டால் சத்தமே வரவில்லை, அல்லது மெதுவாகத் தொட்டாலும் அதிரடியாக ஒலிக்கிறது என்றால் போர்டு போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். டச் ரெஸ்பான்ஸ் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் கீழே ரப்பரில் இரண்டு கார்பன் காண்டாக்ட் இருக்கும். இரண்டும் தொடும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் எவ்வளவு வேகமாக அடித்தோம் என்பதைக் கருவி கணக்கிடுகிறது. தூசியோ ஈரமோ படிந்தால் அந்தக் கணக்கு தப்பும். பிரித்துச் சுத்தம் செய்தாலோ, ரப்பர் பட்டையை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும்.

திடீரென ஆஃப் ஆவதற்கு அடாப்டரோ, அது சொருகும் பின்னோதான் முதல் சந்தேகம். இதில் ஒரு எச்சரிக்கை. யமஹா அடாப்டரில் நடுமுனை பாசிட்டிவ். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் நடுமுனை நெகட்டிவ். "பின் பொருந்துதே" என்று மாற்றிச் சொருகினால் போர்டே புகைந்துவிடும். வோல்ட், ஆம்பியர், முனை மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் மின்சாரம் ஏறி இறங்கும் என்பதால் ஸ்டெபிலைசரோ, சிறிய யுபிஎஸ்ஸோ வைத்துக்கொள்வது நல்லது.

அடாப்டர், பின், கெபாசிட்டர் போன்றவை சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்தோ திருவள்ளூரிலிருந்தோ மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் அருகில்தான்.

ஃப்ளாப்பி காலத்து மாடலா? யமஹா பிஎஸ்ஆர்-2000ல் ஃப்ளாப்பி. அதற்குப் பிறகு வந்த பிஎஸ்ஆர்-3000ல் ஸ்மார்ட் மீடியா கார்டு. இரண்டுமே இன்று சுலபமாகக் கிடைக்காது. ஜப்பானில் சோனி நிறுவனம் ஃப்ளாப்பி விற்பனையை 2011ல் நிறுத்திவிட்டது. ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலாக பென்டிரைவ் சொருகும் எமுலேட்டர் பெட்டி சந்தையில் உண்டு. எல்லா மாடலுக்கும் பொருந்தாது என்பதால், உங்கள் மாடலைச் சொல்லிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டோன் மட்டும் பழசா? போனே போதும்

எம்ஐடிஐ என்ற பொதுமொழி 1983லேயே வந்துவிட்டது. அதனால் 20 வருஷப் பழைய கீபோர்டும் இன்றைய போன், டேப்லெட், லேப்டாப்போடு பேசும். யுஎஸ்பி டு ஹோஸ்ட் போர்ட் இருந்தால் கேபிளும் ஓடிஜி கனெக்டரும் போதும். வட்டமான ஐந்து பின் போர்ட் மட்டும் இருந்தால் இடையில் ஒரு யுஎஸ்பி எம்ஐடிஐ கேபிள் தேவை. ரிதம் பழைய கீபோர்டில் ஓடட்டும். வலது கையில் வாசிக்கும் டோன் மட்டும் போன் ஆப்பிலிருந்து வரட்டும்.

கவனிக்க வேண்டியது: கீயை அழுத்திய பிறகு தாமதமாகச் சத்தம் வந்தால் அந்த போன் மேடைக்கு உதவாது. புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம், ஒயர்தான் சரி. போனை ஃபிளைட் மோடில் போட மறக்காதீர்கள். நடுப்பாட்டில் கால் வந்தால் அவ்வளவுதான்.

எப்போ மாத்தியே ஆகணும்?

பாலிஃபோனி பற்றாமல் போகும்போது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலி எழும் என்ற எண்ணிக்கைதான் பாலிஃபோனி. 32 என்றால், ஸ்டைல் ஓடும்போதே அதில் ஒரு பகுதி போய்விடும். பெடல் மிதித்து வாசித்தால் முதலில் அழுத்திய சுரங்கள் அறுந்துவிடும். இதை ரிப்பேரில் சரிசெய்ய முடியாது.

சொந்த டோன் ஏற்ற வேண்டியிருக்கும்போது. நாதஸ்வரம், உருமி, பம்பை போன்ற ஒலிகளை ஏற்ற கருவியில் இடம் வேண்டும். 2015ல் வந்த யமஹா பிஎஸ்ஆர்-எஸ்970ல் இதற்கான மெமரி 512 எம்பி. 2019ல் வந்த எஸ்எக்ஸ்900ல் 1 ஜிபி. பல பழைய மாடல்களில் இந்த வசதியே கிடையாது.

மெயின் போர்டு பழுதாகி, பாகம் கிடைக்காது என்று சர்வீஸ் சென்டரே கைவிரிக்கும்போது.

உங்கள் தேவை தபேலா, டோலக் ரிதம் மட்டும் என்றால் மேடை மாடலுக்குப் போக வேண்டாம். யமஹா பிஎஸ்ஆர்-ஐ வரிசை, கேசியோவின் 'ஐஎன்' என்று முடியும் மாடல்கள் இந்தியாவுக்கென்றே வந்தவை. விலையும் மேடை மாடல்களைவிடக் குறைவு.

பழைய ஸ்டைல் எல்லாம் புதுசுல ஓடுமா?

வாங்கிய பிறகுதான் பலர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பழைய யமஹா ஸ்டைல் ஃபைலை புதிய யமஹா திறக்கும். ஆனால் கோர்க் நேரடியாகத் திறக்காது, மாற்றித் தரும் மென்பொருள் வேண்டும். ஒரே கம்பெனியாக இருந்தாலும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரி அப்படியே வராமல் போகலாம். பழைய கருவியில் இருந்த டோன் புதியதில் இல்லை என்றால் வேறு டோன் ஒலிக்கும். யமஹா எக்ஸ்பான்ஷன் பேக், எந்தக் கருவிக்காகத் தயாரித்தோமோ அதில் மட்டும்தான் இன்ஸ்டால் ஆகும்.

பத்து வருஷமாக ஒவ்வொரு பாட்டுக்கும் அமைத்து வைத்த செட்டிங்கைப் புதிதாக அமைக்க வாரக்கணக்கில் ஆகலாம். ஆகவே ஆடி தொடங்கும் முன்பும், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமும் கீபோர்டு மாற்றாதீர்கள். புதுசு கைக்கு வந்து பழகும்வரை பழசை விற்கவும் வேண்டாம்.

இஎம்ஐ கணக்கு என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு, 60,000 ரூபாய் கருவியை வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் வாங்கினால் மாதம் 5,000 ரூபாய். வண்டிச் செலவு போக ஒரு நிகழ்ச்சிக்கு 1,500 ரூபாய் மிஞ்சுகிறது என்றால், மாதம் நான்கு நிகழ்ச்சி கட்டாயம் வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண ரிசப்ஷன் இருக்காது. ஆடியைத் திருவிழா ஈடுகட்டலாம், மார்கழியைக் கிறிஸ்துமஸ் ஈடுகட்டலாம். மற்ற மாதங்களுக்கு உங்கள் டைரியை எடுத்து, போன வருஷம் எத்தனை நிகழ்ச்சி என்று எண்ணிப் பாருங்கள். நிகழ்ச்சிப் பணம் தவணைக்குப் போதாது என்றால், மீதி சம்பளத்திலிருந்துதான் போகும். ஓவர்டைம் குறைந்தால் அது வீட்டுச் செலவில் கைவைக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம். புதிய மாடல் வந்ததும் அதற்கு முந்தையது விற்பனைக்கு வருவது வழக்கம். ஆனால் போட்டோ பார்த்துப் பணம் அனுப்பக் கூடாது. நேரில் போய், சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு கீயையும் மெதுவாகவும் வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். பிட்ச் பெண்ட், பெடல், அவுட்புட் ஜாக், டிஸ்ப்ளே, பென்டிரைவ் எல்லாம் சோதியுங்கள். அரை மணி நேரம் ஓடவிடுங்கள், சூடான பிறகுதான் சில பழுதுகள் தெரியும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் கருவியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதும் முக்கியம்.

புதுசு என்றால், 1842ல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் உட்பட சென்னையில் பெரிய இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன. போகும்போது உங்கள் ஹெட்போனையும், நீங்கள் வாசிக்கும் ஸ்டைல்கள் உள்ள பென்டிரைவையும் கொண்டு போங்கள். கடைக்காரர் வாசித்துக் காட்டும் டெமோ எந்தக் கருவியிலும் நன்றாகத்தான் இருக்கும். உங்கள் பாட்டு அதில் எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சுருக்கமாக...

பழுது என்றால் முதலில் சர்வீஸ். டோன் என்றால் போனோ லேப்டாப்போ இணைத்துப் பாருங்கள். பாலிஃபோனி, மெமரி, பாகம் கிடைக்காத நிலை ஆகியவைதான் மாற்றுவதற்கான உண்மையான காரணங்கள். அப்போதும் நிகழ்ச்சி வருமானமே தவணையைக் கட்டுமா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் டச் ஸ்கிரீன் இருக்கிறது என்பது அதில் ஒரு காரணமாக இருக்க வேண்டாம்.